ரோஜா மணம் காணாமற்போன அறுபது பெட்டி வைன்

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடமாகிறது. பழைய அலுவலகத்தில் இப்போது சென்னையிலிருந்து படிக்க வந்த பிள்ளை ஒருத்தி பகுதிநேரமாக வேலை செய்கிறாள். போன மாதம் எனக்குப் போன் எடுத்தாள்.

“ஆன்ட்டி, நீங்க ஒரு வைனை மோந்து பாத்துட்டு, இது எந்த மலை, எந்தத் தோட்டம், அந்த வீட்டு நாய் என்ன கலர்னு எல்லாம் சொல்லிட்டீங்களாமே? இங்க எல்லாரும் அதைத்தான் பேசிக்கிறாங்க.”

“நாயைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. அங்கை நாயே இல்லை.”

“அப்போ மத்ததெல்லாம் உண்மையா?”

அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லுமுன் அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இந்தக் கதை வாய்க்கு வாய் வளர்ந்துகொண்டு போகிறது. அடுத்த வருடம் நாய்க்குப் பெயரும் வைத்துவிடுவார்கள். அதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கணவர் ஸ்பொன்சர் செய்துதான் நான் மொன்றியலுக்கு வந்தேன். வில்லரே என்ற பகுதியில் இரண்டு அறை வீடு. மகளைக் கார்டரியில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டு வேலை தேடியபோது கிடைத்தது கிளாஸ் கழுவும் வேலை. இத்தாலியில் சின்னச் சின்னத் தோட்டங்களைத் தேடிப் பிடித்து, அங்கே செய்யும் வைனை இங்கேயுள்ள உணவகங்களுக்கு இறக்கித் தரும் நிறுவனம் அது. மொத்தம் நாலு பேர். தினமும் பத்துப் பதினைந்து வைன் ருசி பார்ப்பார்கள். அத்தனை கிளாசும் என் கைக்கு வரும்.

மூன்றாம் மாதம் ஒரு நாள், கழுவ வந்த கிளாஸ் ஒன்றிலிருந்து மழையில் நனைந்த சாக்கு மாதிரி ஒரு நாற்றம் வந்தது. முதலாளி ரெனாத்தோவிடம் அதைச் சொன்னேன். அவருக்கு அன்று தடிமன், மூக்கடைப்பு. அந்த வைனுக்குத்தான் கால் மணி நேரத்துக்கு முன் ‘நன்று’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். வேறு ஆட்களைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். அவர்களும் சாக்கு என்றார்கள். தக்கை பழுதானால் அப்படி மணக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“நாளையிலிருந்து நீங்கள் கழுவவேண்டாம், மதாம் பத்மா. உட்காருங்கள்,” என்றார். அதன்பிறகு ஆறு வருடம் படிப்பு, பரீட்சை, சான்றிதழ். அதையெல்லாம் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். இருபத்துநாலு வருடத்தில் நான் ஒரு துளி வைனும் விழுங்கியதில்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புகிறவர்கள்தான். மற்றவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் குடிப்பார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் பால் தேத்தண்ணி குடிப்பேன். துப்புவதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே யாழ்ப்பாணத்துப் பெண் நான்தான் என்று என் கணவர் சொல்லுவார். டொலார்ட் பகுதித் தமிழ்க் கோயிலில் யாராவது “எங்கை வேலை?” என்று கேட்டால் “பழங்கள் சம்பந்தப்பட்டது” என்பேன். பொய் இல்லையே!

ரெனாத்தோ சின்ன உருவம். அயன் பண்ணிய கைக்குட்டை, சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம். கோபம் வந்தால் குரல் தணியும், மரியாதை கூடும். அவர் “தயவுசெய்து” என்று தொடங்கினால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். யாராவது பிழையாக ஏதாவது சொன்னால் “சுவாரசியம்” என்பார். மகிழ்ச்சி வந்தால் வாயால் சொல்லமாட்டார், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும் என்பதால், இரண்டாம் முறை கொடுத்தால் அது பாராட்டு.

அவருடைய சட்டங்கள் கடுமையானவை. வாசனைத் திரவியம் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. மல்லிகைப்பூ கூடாது. முக்கியமான ருசிக்கு முதல்நாள் வீட்டில் தாளிக்கவே கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தால் அதிகம் பாதிக்கப்பட்டவர் என் கணவர். தை மாதக் குளிரில், தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பல்கனியில் மின்சார அடுப்பை வைத்து மிளகாய் பொரித்தார். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். வந்தவர்களுக்கு இருமல் நிற்க அரை மணித்தியாலம் பிடித்தது.

இனி அந்த அறுபது பெட்டிக்கு வருகிறேன்.

நல்ல பெயரெடுத்த உணவகம் ஒன்றை நடத்திய ஜினெத் என்ற அம்மாதான் எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர். வடக்கு இத்தாலியில், பியெமோந்தே பகுதியில், ஒரே ஒரு சரிவில் இருக்கும் சின்னத் தோட்டத்து வைன் ஒன்றை அவருக்காகப் பிடித்திருந்தோம். நெபியோலோ என்ற சிவப்புத் திராட்சை. தோட்டக்காரர் பெயர் ஒரெஸ்தே. அவர் அனுப்பிய மாதிரிப் போத்தல்களை ருசி பார்த்து, ‘காய்ந்த ரோஜா, பின்னால் தார், வாயில் நல்ல பிடிப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஜினெத் அதை அப்படியே சாப்பாட்டுப் பட்டியலில் அச்சடித்தார். தாரை மட்டும் விட்டுவிட்டார்.

புரட்டாசியில் அறுபது பெட்டி வைன் வந்து இறங்கியது. இரண்டாம் வாரம் ஜினெத் ஒரு போத்தலைக் கையில் பிடித்தபடி எங்கள் அலுவலகத்துக்குள் வந்தார்.

“ரோஜா எங்கை? சனம் மூக்கைக் கிளாசுக்குள்ளை விட்டுத் தேடுது. நேற்று ஒருத்தர் மேசையிலை இருந்த பூச்சாடியை மணந்து பாத்திட்டு, இதைத்தான் சொல்லுறீங்களோ எண்டு கேட்டவர்.”

அவர் பேசியது கியூபெக் பிரெஞ்சு. நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன், அப்போதுதான் அந்த வேகம் வரும். எல்லாப் பெட்டியையும் திருப்பி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் இனி எங்களிடம் எதுவும் வாங்கமாட்டேன் என்றுவிட்டுப் போய்விட்டார். அவர் போனால் எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் வீட்டுக்குப் போகவேண்டும். கையெழுத்துப் போட்டவள் அதில் ஒருத்தியாக இருப்பாள் என்பதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ரெனாத்தோ கைக்குட்டையை மடித்தார். “தயவுசெய்து முக்கோணம் வையுங்கள்,” என்றார்.

முக்கோணம் என்பது இதுதான். மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே வைன், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்லவேண்டும். நிறத்தைப் பார்த்து ஊகிக்காமல் இருக்கக் கறுப்புக் கிளாஸ். ஊற்றுகிறவர் ஒரு அறையில், முகருகிறவர் இன்னொரு அறையில். குருட்டுவாக்கில் ஒருமுறை சரியாகச் சொல்லலாம் என்பதால் ஆறு முறை வைக்கவேண்டும். நாங்கள் ஒப்புக்கொண்ட ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு போத்தலை இருட்டறையில் எடுத்து வைத்திருப்போம். அதில் ஒன்றைத் திறந்து, வந்திறங்கிய வைனோடு ஒப்பிட்டோம்.

ஆறுக்கு ஆறும் சரியாகச் சொன்னேன். மாதிரியில் ரோஜா இருந்தது. வந்ததில் தாரும் பிடிப்பும் மட்டுமே இருந்தன.

ஆனால் ஆய்வுகூடத்திலிருந்து வந்த கடிதம் வேறுமாதிரி இருந்தது. அற்ககோல், புளிப்பு, மற்ற எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரெஸ்தேக்குப் போன் எடுத்தோம். அவர் கத்தியது பக்கத்து அறைக்கும் கேட்டது.

“அதே மலை! அதே பழம்! அதே வருஷம்! ஒரு சொட்டு வெளியிலை இருந்து சேர்க்கேல்லை. அப்பாவின்ரை சமாதியிலை சத்தியம் பண்ணுறன்!”

ரெனாத்தோ போனை வைத்துவிட்டு வெகுநேரம் என் மூக்கைப் பார்த்தார். “ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லாவிட்டால் இது பொய் சொல்கிறது,” என்றார். “நாங்கள் போய்ப் பார்ப்போம்.”

கார்த்திகைத் தொடக்கத்தில் இத்தாலிக்குப் போனோம். கடைசி மாதிரிப் போத்தலை ஒரு பட்டுச் சேலைக்குள் சுற்றி என் பெட்டிக்குள் வைத்திருந்தேன். கறுப்புக் கிளாசுகளை ரெனாத்தோ மடியிலேயே வைத்துக்கொண்டார்.

தோட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவு சண்டைக்கும் காரணமான நிலம் எங்கள் கணக்கில் ஐம்பது பரப்புக்கூட, அதாவது மூன்று ஏக்கர்கூட, வராது. அடிவாரத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண். இரண்டாவது எட்டிலேயே என் சப்பாத்து ஒன்று அதற்குள் நின்றுவிட்டது. காலுறையோடு நின்று அதை இழுத்தேன். அது வர மனமில்லாமல் வந்தது. பத்து மணியாகியும் பனிமூட்டம் கொடிகளுக்கிடையில் படுத்திருந்தது. ஒரெஸ்தே அறுபது தாண்டிய, தோள் அகன்ற மனிதர். ஒரு பிடி களியை எடுத்து உருட்டி என் கையில் வைத்தார். “இதுதான் வைனுக்கு எலும்பு,” என்றார். ரெனாத்தோ மொழிபெயர்த்தார்.

மேலே ஏற ஏறக் கால் இலகுவானது. மண் வெளுத்தது, மணலானது. இடையிடையே சிப்பித் துண்டுகள். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடமாம். காற்று வீசத் தொடங்கியது. பாதிச் சரிவில் ஒரு கம்பி வேலி எங்களை மறித்தது.

புது வேலி. தூண்களில் இன்னும் மரப்பால் மணம். ஒரே நேராக வந்த வேலி, ஒரு வாதுமை மரத்துக்குக் கிட்ட வந்ததும் கோணலாகி, மரத்தைப் பாதி சுற்றி, பிறகு மறுபடியும் நேராகப் போனது. வேலியொன்று ஒரு மரத்துக்காக வளைந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று, வேலிச் சண்டைக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்குச் சொல்லித் தரவேண்டுமா?

“இது என்ன வேலி?” என்று கேட்டேன்.

“முயலுக்கு,” என்றார் ஒரெஸ்தே.

“இஞ்சத்தை முயல் ஆறடி பாயுமோ?”

ரெனாத்தோ இதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. மேலே ஒரு கதவு திறந்து, றப்பர்ச் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் இறங்கி வந்தார். ஒரெஸ்தேயின் அதே தோள், அதே நாடி. அவர் பெயர் டெல்பினா, ஒரெஸ்தேயின் தங்கை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரெனாத்தோவிடம் சொன்னார்:

“நான் அந்த ஆளோடை கதைக்கிறேல்லை எண்டு அந்த ஆளிட்டைச் சொல்லுங்கோ.”

ஒரெஸ்தே முதுகைக் காட்டியபடி, “நானும் கதைக்கிறேல்லை எண்டு அவளிட்டைச் சொல்லுங்கோ,” என்றார்.

தகப்பன் இறந்தபின் இருபது வருடம் இருவரும் சேர்ந்து ஒரே வைன் செய்தவர்கள். அந்த வசந்தத்தில், வாதுமை மரத்தின் நிழல் தன் கொடியில் விழுகிறது என்று ஒரெஸ்தே ஒரு கொப்பை வெட்டினார். தங்கையைக் கேட்கவில்லை. அவ்வளவுதான். காணி இரண்டாகப் பிரிந்தது. மேல்பாதி தங்கைக்கு, கீழ்ப்பாதி தமையனுக்கு. பழைய அறுவடை மேல், கீழ் என்று வேறு வேறு பீப்பாக்களில் கிடந்தது. டெல்பினா தன் பீப்பாக்களைக் கார் கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு மாதிரி வந்தது கொப்பு வெட்டுவதற்கு முன், இரண்டையும் கலந்து. அறுபது பெட்டி வந்தது கொப்பு வெட்டியபின். அதே மலை, அதே பழம், அதே வருடம். ஒரெஸ்தே ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை.

டெல்பினாவின் கொட்டகைக்குப் போனேன். சைக்கிளுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் பீப்பா. அவர் ஒரு கிளாசில் ஊற்றி நீட்டினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக முன்னமே ரோஜா வந்துவிட்டது. ஆனால் வாயில் வைத்தால் நிற்கவில்லை, மணம் மட்டும் இருந்துவிட்டுப் போய்விட்டது. பிரெஞ்சில் தெர்ருவார் என்று ஒரு சொல் இருக்கிறது. மண்ணும் சரிவும் வெயிலும் காற்றும் சேர்ந்து வைனுக்குக் கொடுக்கும் குணம். பரீட்சைக்கு அதை மூன்று பக்கம் எழுதிச் சித்தியடைந்தவள் நான். அன்றைக்குத்தான் அது விளங்கியது. களி எலும்பைக் கொடுக்கிறது, மணல் வாசத்தைக் கொடுக்கிறது. எங்களுக்கு மொன்றியலுக்கு வந்தது வெறும் எலும்பு.

ஐந்து பங்குக்கு மூன்று கீழ், இரண்டு மேல் என்று அளந்து கலந்தேன். மாதிரியோடு ஒத்துவந்தது. இதை அண்ணன் தங்கைக்குச் சொன்னால் இருவரும் ஏற்கமாட்டார்கள். தன் பாதிதான் உண்மையான வைன் என்று ஒவ்வொருவரும் நின்றார்கள்.

“தயவுசெய்து ஒரு பலகை தாருங்கள்,” என்றார் ரெனாத்தோ.

வேலிக் கம்பிகளுக்கு நடுவால் பலகையைச் செருகினோம். பாதி அண்ணன் பக்கம், பாதி தங்கை பக்கம். ஆளுக்கு நாலு கறுப்புக் கிளாஸ். ஒன்றாம் கிளாசில் கீழ், இரண்டாவதில் மேல், மூன்றாவதில் என் கலவை, நாலாவதில் எங்கள் மாதிரி. எது எதுவென்று எனக்கு மட்டும் தெரியும். ரெனாத்தோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பாராமல் முகர்ந்து, ருசித்து, தாளில் எழுதினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி விடையைக் கையால் மறைத்துக்கொண்டார்கள்.

ரெனாத்தோ வாசித்தார். ஒன்றாம் கிளாசுக்கு, அதாவது தன்னுடைய வைனுக்கு, ஒரெஸ்தே எழுதியிருந்தது: ‘முரடு. வாய் காய்ந்து போகிறது. இது அவளுடையது.’ இரண்டாம் கிளாசுக்கு: ‘என்ன வாசம்! இது என்னுடையது.’

டெல்பினாவின் தாளில் ஒன்றாம் கிளாசுக்கு: ‘இதில்தான் பலம் இருக்கிறது. என்னுடையது.’ இரண்டுக்கு: ‘தண்ணீர். இப்படிச் செய்ய அவனால்தான் முடியும்.’

மூன்றுக்கும் நாலுக்கும் இருவரும் ஒரே பதில் எழுதியிருந்தார்கள்: ‘இரண்டும் ஒன்று. பழைய வைன்.’

எந்தக் கிளாசில் எது என்று சொன்னேன்.

“கிளாஸ் மாறிப்போச்சு,” என்றார் ஒரெஸ்தே.

“சுவாரசியம்,” என்றார் ரெனாத்தோ. எல்லாவற்றையும் கழுவி, எண்களை மாற்றி மறுபடியும் வைத்தோம். ஒரெஸ்தே மறுபடியும் தன் வைனைத் திட்டினார். டெல்பினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கிளாசில் அவரும் தன்னுடையதைத் திட்டியபின் அந்தச் சிரிப்பு நின்றது.

எனக்கு மனம் கேட்கவில்லை. எட்டு மாதமாகத் தன் பாதியை மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர்கள். தங்களிடம் இல்லாதது கிடைத்ததும் அதுதான் தங்களுடையது என்று கையை வைத்துவிட்டார்கள்.

“எங்கட ஊரிலையும் வேலி இருக்கு,” என்றேன். “எத்தினை வழக்கு, எத்தினை சண்டை எண்டாலும் வேலியிலை ஒரு பொட்டு விட்டிருப்பம். ஆள் போய்வர ஒரு சின்ன ஓட்டை. ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்காட்டிலும் அதை அடைக்கிறேல்லை.”

ரெனாத்தோ இதைக் கைகளாலும் சேர்த்து மொழிபெயர்த்தார். நான் சொன்னதைவிட மூன்று மடங்கு நீளமாக இருந்தது. இரண்டு பாட்டிகளும் ஒரு கல்யாணமும் அதற்குள் வந்துபோனது போலவும் இருந்தது.

ஒரெஸ்தே யோசித்தார். “ஆள் வரக்கூடாது.”

“ஆர் வரப்போறது?” என்றார் டெல்பினா. எட்டு மாதத்தில் அவர்கள் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். இருவரும் அதைக் கவனிக்கவில்லை, நாங்களும் காட்டிக்கொடுக்கவில்லை.

வேலியில் ஒரு கை அகலத்துக்குக் கம்பி வெட்டினார்கள். மறுநாள் அதனூடாகக் குழாய் போட்டார்கள். மேலேயிருந்து வைன் தன்பாட்டில் கீழே ஓடி ஒரெஸ்தேயின் தொட்டிக்கு வந்தது. நிறைந்ததும் நிறுத்தச் சொல்ல வேண்டும், கதைக்கவும் முடியாது. ஆகவே ரெனாத்தோ மலையின் நடுவில் நின்று, கீழேயிருந்து வந்த “போதும்!” என்ற சொல்லை வாங்கி மேலே எறிந்தார். நாங்கள் போனபின் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரெஸ்தே உள்ளே போய் ஒரு மாட்டு மணியைக் கொண்டுவந்து வேலித் தூணில் கட்டினார்.

திரும்பிப் போகும்போது காரில் ரெனாத்தோ கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அன்று காலையிலும் கொடுத்ததை நான் பார்த்திருந்தேன்.

கலந்த வைன் தை மாதம் மொன்றியலுக்கு வந்தது. ஜினெத் ஒரு கிளாஸ் முகர்ந்துவிட்டு, பணியாளர்கள் எல்லாரையும் கூப்பிட்டு வரிசையாக மணக்கவிட்டார். பழைய அறுபது பெட்டியை என்ன செய்வது என்று கேட்டோம். இறைச்சிச் சாப்பாட்டுக்கு வேறு பெயரில் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். புதியதைவிட அதுதான் முதலில் முடிந்தது. அப்படி முடிந்தது எங்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தத் தோட்டத்து மாதிரி என் மேசைக்கு வந்தது. எவ்வளவு மேல், எவ்வளவு கீழ் என்பதை அவர்கள் ஒவ்வொரு முறையும் மணியடித்துச் சண்டைபிடித்துத்தான் தீர்மானித்தார்கள். முகர்ந்த உடனே அந்த வருடம் யார் வென்றார் என்று தெரிந்துவிடும். ரோஜா தூக்கலாக இருந்தால் டெல்பினா. வாய் இறுகினால் ஒரெஸ்தே. ரெனாத்தோவும் நானும் முன்கூட்டியே பந்தயம் கட்டுவோம், ஒரு கோப்பிக்கு.

நான் வேலை செய்த கடைசி வருடத்து மாதிரி வந்தது. முகர்ந்தேன். வாயில் வைத்தேன், துப்பினேன், மறுபடியும் வைத்தேன். ரோஜாவும் பிடிப்பும் சரிக்குச் சரி. யாரும் வெல்லவில்லை. சண்டைபிடிக்க ஆள் இல்லாவிட்டால்தான் இப்படி வரும்.

“போன் எடுங்கோ,” என்றேன் ரெனாத்தோவிடம். “அங்கை ஏதோ நடந்திருக்கு.”

அவரும் முகர்ந்து பார்த்தார். ஒரெஸ்தேயின் இலக்கத்தை அழுத்தினார். நாலைந்து முறை மணியடித்தபிறகு எடுத்தது டெல்பினா. ரெனாத்தோ கண்ணை மூடிக்கொண்டார்.

“அவர் களியிலை வழுக்கிக் காலை முறிச்சுப்போட்டார்,” என்றார் டெல்பினா. “இஞ்சைதான், என்ரை குசினியிலை கிடக்கிறார். ரெண்டு மாசமா. ரெண்டு காணி வேலையும் என்ரை தலையிலை. கலக்கேக்கை ஆரோடை நான் சண்டைபிடிக்கிறது? பாதி பாதி ஊத்தினன்.”

பின்னாலிருந்து ஒரெஸ்தேயின் குரல் கேட்டது. சூப்புக்கு உப்புப் போதாதாம்.

“வாயை மூடிக்கொண்டு குடியும்!” என்று டெல்பினா திரும்பிக் கத்தினார். ரெனாத்தோ போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, எனக்கும் கேட்கட்டும் என்று நீட்டினார். இத்தனை வருடத்தில் அவர்களுடைய மொழி எனக்கும் ஓரளவு பிடிபட்டிருந்தது. இருவரும் உப்பைப் பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களை மறந்துவிட்டார்கள். நாங்கள் ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிட்டு, சத்தம் போடாமல் போனை வைத்தோம்.